வி.எச்.எஸ். கெசட்டுகளைக் கணினியில் பதியும் யூ.எஸ்.பி. கருவி: உள் அமைப்புகளில் எவற்றை மாற்ற வேண்டும்?

உவர்மலை வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு அலுமாரியில் தொண்ணூறுகளில் எடுக்கப்பட்ட வி.எச்.எஸ். கெசட்டுகள் இருக்கின்றன. அப்பா அம்மாவின் கலியாணம், அக்காவின் சாமத்தியச் சடங்கு, சிவராத்திரியை அடுத்துக் கோணேசப் பெருமான் நகர்வலம் வந்தபோது எங்கள் வாசலில் நிறைகுடம் வைத்து வரவேற்ற இரவுக் காட்சி, கனடாவிலிருந்து சித்தப்பா அனுப்பிய ஒரு கெசட் என அவற்றில் எதற்கும் வேறு பிரதி கிடையாது. நகர்வலக் காட்சியில் தாத்தா நடந்து வருகிறார். அவர் அசைந்து பேசும் படம் எங்களிடம் அது ஒன்றுதான். அம்மம்மா இருக்கும்போதே அதை நல்ல முறையில் கணினிக்கு மாற்றிவிட வேண்டும் என்பது என் விருப்பம்.

மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனைகளும் எஸ்-வீடியோத் துவாரமும் கொண்ட சிறிய யூ.எஸ்.பி. பதிவுக் கருவி ஒன்றை வாங்கியிருக்கிறேன். மாமாவின் டெக் பழையதென்றாலும் தொலைக்காட்சியில் இணைத்துப் பார்த்தால் படம் தெளிவாகவே தெரிகிறது. ஆனால் விண்டோஸ் மடிக்கணினியில் ஓ.பி.எஸ். மென்பொருள் வழியாகப் பார்க்கும்போது அதே படம் கறுப்பு வெள்ளையாகவும் மேலும் கீழும் உருளுவதாகவும் வருகிறது. அமைப்புகளுக்குள் சென்று பார்த்ததில் ‘வீடியோ டிகோடர்’, ‘ப்ரோக் ஆம்ப்’, ‘கிராஸ்பார்’ என்று பல பக்கங்கள் இருக்கின்றன. கருவியுடன் வந்த துண்டுப் பிரசுரத்தில் இவற்றைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

படம் ஓரளவு நிலைத்து நிற்கும் வேளைகளிலும் சுவாமிக்கு முன்னால் பிடித்த விளக்குகளும் வெள்ளை மாலையும் வெறும் வெண்திட்டாகத் தெரிகின்றன. ஆட்கள் நடக்கும்போது அவர்களின் ஓரங்கள் சீப்பின் பற்களைப் போல் கிழிகின்றன. நீளமாகப் பதிந்தால் போகப்போக ஒலி பின்தங்குகிறது. இந்த அமைப்புகளில் எவற்றை மாற்ற வேண்டும், எந்த ஒழுங்கில் மாற்ற வேண்டும், எவற்றைத் தொடாமல் விட வேண்டும் என்று அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் பெரிய உதவியாக இருக்கும்.

பழைய படப்பிடிப்பாளர் எழுதியது:

தங்கைக்கு வணக்கம். உங்கள் கருவியில் பழுது இருப்பதாகத் தெரியவில்லை. நீங்கள் கேட்ட ஒழுங்கை விட்டுவிட்டு, பதியும் நேரத்தில் தவறவிட்டால் பிறகு எந்த மென்பொருளாலும் மீட்க முடியாதவற்றை முதலில் சொல்கிறேன்.

கறுப்பு வெள்ளையாக உருளும் படத்துக்குக் காரணம் ஒளிபரப்பு முறை பொருந்தாமை. இலங்கையின் தொலைக்காட்சி முறை ‘பால்’. அதில் ஒரு படத்துக்கு 625 கோடுகள், ஒரு வினாடிக்கு 25 படங்கள், நிறச் சமிக்ஞை ஏறத்தாழ 4.43 மெகாஹேர்ட்ஸில் இருக்கும். இந்த வகைக் கருவிகளில் பல, பெட்டியிலிருந்து எடுத்துச் செருகியவுடன் அமெரிக்க முறையான என்.ரி.எஸ்.சி.யையே எதிர்பார்க்கின்றன. அதில் 525 கோடுகள், வினாடிக்கு 29.97 படங்கள், நிறம் 3.58 மெகாஹேர்ட்ஸில். கோடுகளின் எண்ணிக்கை பொருந்தாததால் படம் உருளுகிறது. நிறத்தைத் தவறான இடத்தில் தேடுவதால் நிறம் கிடைப்பதில்லை.

ஓ.பி.எஸ்.ஸில் கருவியின் பண்புகளைத் திறந்து, முதலில் ‘டிஆக்டிவேட்’ பொத்தானை அழுத்திப் படத்தை நிறுத்திக்கொள்ளுங்கள். படம் ஓடிக்கொண்டிருக்கும்போது முறையை மாற்றச் சில ட்ரைவர்கள் (கருவியை இயக்கும் மென்பொருள்கள்) இடம் கொடுப்பதில்லை. பின்னர் ‘கன்ஃபிகர் வீடியோ’ என்பதை அழுத்தினால் வரும் சாளரத்தில் ‘வீடியோ டிகோடர்’ பக்கத்துக்குச் சென்று ‘வீடியோ ஸ்டாண்டர்ட்’ என்னும் இடத்தில் ‘பால்-பி’ என்பதைத் தெரிவு செய்யுங்கள். அதே பக்கத்தில் ‘லைன்ஸ் டிடெக்டட்’ என்று ஓர் எண் காட்டப்படும். டெக்கில் கெசட் ஓடும்போது அங்கே 625 என்று வந்தால் கருவி கெசட்டைச் சரியாக இனங்கண்டுவிட்டது என்று பொருள். அந்த எண் வரும்வரை மற்ற எந்த அமைப்பையும் தொட வேண்டாம்.

அதன் கீழே ‘வீ.சீ.ஆர். இன்புட்’ என்று ஒரு சிறு கட்டம் இருக்கும். அதில் அடையாளம் இடுங்கள். ஒளிபரப்பில் வரும் சமிக்ஞையின் கோடுகள் சீரான இடைவெளியில் வருகின்றன. டெக்கிலிருந்து வருபவை அப்படி வருவதில்லை. நாடா இழுபடுவதாலும், நாடாவைப் படிக்கும் சுழல் தலைகள் ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறுவதாலும் அவை சற்றே முந்தியும் பிந்தியும் வந்து சேர்கின்றன. அந்தக் கட்டத்தில் அடையாளம் இருந்தால் கருவி இந்தத் தடுமாற்றத்தை விரைவாகப் பின்தொடரும். படத்தின் மேல் ஓரம் கொடியைப் போல் ஒரு பக்கம் வளைவது இதனால் பெரும்பாலும் குறையும். எல்லா ட்ரைவர்களும் இதற்குச் செவிசாய்ப்பதில்லை. எனினும் அடையாளம் இடுவதால் கெடுதி எதுவும் இல்லை.

‘கிராஸ்பார்’ என்பது எந்தத் துவாரத்திலிருந்து படம் வருகிறது என்பதை மட்டுமே தெரிவு செய்யும் இடம். சாதாரண வி.எச்.எஸ். டெக்குகளில் எஸ்-வீடியோ இருப்பதில்லை. எனவே மஞ்சள் முனையைக் குறிக்கும் ‘கொம்போசிட்’ என்றே இருக்கட்டும்.

படத்தின் அளவு 720க்கு 576 ஆகவும், வேகம் 25 ஆகவும், வடிவம் ‘வை.யூ.வை.2’ ஆகவும் இருக்க வேண்டும். 640க்கு 480 என்றோ 720க்கு 480 என்றோ வைத்தால், கெசட்டின் 625 கோடுகளில் உண்மையாகவே படத்தைச் சுமக்கும் 576 கோடுகளையும் கருவி நசுக்கித்தான் தரும். ஒன்றுவிட்டு ஒன்றாகப் பின்னிய கோடுகள் அப்போது ஒன்றோடொன்று கலந்துவிடும். நீங்கள் சொன்ன சீப்புப் பற்களை அதற்குப் பிறகு பிரித்தெடுக்கவே முடியாது. 1080 என்று பெருப்பிப்பதாலும் பயன் இல்லை. வி.எச்.எஸ்.ஸின் கிடைத் தெளிவு, அதாவது இடமிருந்து வலமாகப் பிரித்துக் காணக்கூடிய விவரம், ஏறத்தாழ 240 கோடுகள்தான். இல்லாத விவரத்தைக் கருவியால் உண்டாக்க முடியாது.

இனி, வெளிச்சத்தையும் நிறத்தையும் கூட்டிக் குறைக்கும் ‘ப்ரோக் ஆம்ப்’ பக்கம். மற்ற எல்லாவற்றையும்விட இந்தப் பக்கத்தில்தான் பொறுமை தேவை. ஏனென்றால் உங்கள் தாத்தாவின் காட்சி தப்புவதும் கெடுவதும் இங்கேதான்.

கருவி ஒவ்வொரு புள்ளியின் வெளிச்சத்தையும் 0 முதல் 255 வரையுள்ள ஓர் எண்ணாக எழுதுகிறது. முறைப்படி கறுப்பு 16இலும் வெள்ளை 235இலும் இருக்க வேண்டும். கெசட்டிலிருந்து வரும் வெளிச்சம் 255ஐத் தாண்டினால், தாண்டியவை எல்லாம் ஒரே எண்ணாகப் பதியப்படும். குடம் நிரம்பிய பிறகு ஊற்றிய தண்ணீரைப் போல அந்த விவரம் போனது போனதுதான். பிற்பாடு வெளிச்சத்தைக் குறைத்தால் வெண்திட்டு சாம்பல் திட்டாக மாறுமே தவிர, மாலையின் பூக்கள் திரும்பி வரமாட்டா. கெசட்டில் பூக்கள் இருக்கின்றன என்பதற்கு உங்கள் தொலைக்காட்சியே சாட்சி. கருவிதான் அவற்றை வெட்டுகிறது.

ஆகையால் வேர்ச்சுவல்டப் என்னும் இலவச மென்பொருளின் பதிவுப் பகுதியைத் திறந்து, அதிலுள்ள ‘ஹிஸ்டோகிராம்’ வரைபை (இடப்பக்கம் இருளும் வலப்பக்கம் வெளிச்சமுமாகப் புள்ளிகளின் அளவைக் காட்டுவது) காட்டச் செய்யுங்கள். கெசட்டில் மிகப் பிரகாசமான இடத்தை ஓட விடுங்கள்; கலியாணக் கெசட் என்றால் மாப்பிள்ளையின் பட்டு வேட்டியின்மீது படப்பிடிப்பு விளக்கு நேரே விழும் காட்சி, நகர்வலம் என்றால் விளக்குகள் சுவாமியின் மாலையை நெருங்கும் காட்சி. வரைபின் வலது கரையில் கோடுகள் குவிந்து முட்டினால் கொன்ட்ராஸ்டைச் சிறிது சிறிதாகக் குறையுங்கள். வேட்டியின் மடிப்புகள் ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். அடுத்து மிக இருண்ட காட்சிக்குச் சென்று, இடது கரையில் முட்டாதபடி பிரைட்னஸைச் சரி செய்யுங்கள். ஒன்றை அசைத்தால் மற்றதும் சற்று அசையும். எனவே மீண்டும் பிரகாசமான இடத்துக்குத் திரும்பி ஒருமுறை பார்ப்பது அவசியம்.

வரைபைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். படத்தின் இரு பக்கத்திலும் உள்ள கறுப்பு ஓரங்களும், அடியில் தலை மாறும்போது உண்டாகும் கலங்கிய சில கோடுகளும் வரைபில் சேர்ந்து தவறான செய்தியைத் தரும். எனவே அளவிடும் வேளையில் மட்டும் ‘குரொப்பிங்’ மூலம் அவற்றை வெட்டிவிட்டு, பதியத் தொடங்கும் முன் அந்த வெட்டை நீக்கிவிடுங்கள்.

பதிந்த படம் திரையில் சற்று மங்கலாக, உயிரற்றதாகத் தோன்றலாம். அதைப் பார்த்துக் கொன்ட்ராஸ்டைக் கூட்டிவிட வேண்டாம். மங்கலைப் பின்னர் எளிதாகத் திருத்தலாம்.

சாச்சுரேஷனை (நிறச் செறிவை) கலியாணக் கெசட்டில் சிறிது குறைக்க வேண்டி வரும். வி.எச்.எஸ்.ஸில் நிறத்தின் தெளிவு வெளிச்சத்தின் தெளிவைவிட மிகக் குறைவு; கூறைச் சேலையின் சிவப்பு கையிலும் கழுத்திலும் வழிவது அதனால்தான். நிறச் சாயலை மாற்றும் ‘ஹியூ’வை நகர்த்திப் பார்த்து ஒன்றும் மாறவில்லையே என்று குழம்ப வேண்டாம். 1960களில் ஜேர்மனியின் டெலிஃபுங்கன் நிறுவனத்தில் வால்டர் புரூக் உருவாக்கிய பால் முறையில், நிறச் சமிக்ஞையின் ஒரு பகுதி ஒரு கோடு விட்டு ஒரு கோடு தலைகீழாக அனுப்பப்படுகிறது. வழியில் நேரும் நிறப்பிழை இதனால் தானாகவே சமன் ஆகிவிடும். ஆகவே அந்தப் பொத்தான் என்.ரி.எஸ்.சி.க்குத்தான் வேலை செய்யும். ஷார்ப்னஸை நடுநிலையில் விடுங்கள். அதைக் கூட்டினால் முகங்களைவிட நாடாவின் இரைச்சல் புள்ளிகளே கூர்மையாகும்.

நிலாவெளிக் காற்று எழுதியது:

மேலே ஐயா சொன்ன வெளிச்ச அளவு பற்றிய விளக்கம் முழுவதையும் ஏற்கிறேன். ஆனால் வீட்டில் ஒருவர் தனியாக இருந்து செய்யும் வேலைக்கு வேர்ச்சுவல்டப்பை அளவிட மட்டும் பயன்படுத்திவிட்டு, பதிவை ஓ.பி.எஸ்.ஸிலேயே செய்யலாம் என்பது என் கருத்து. காரணம் இடம்தான். 720க்கு 576 படத்தைச் சுருக்காமல் வை.யூ.வை.2இல் எழுதினால் ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 20.7 மெகாபைட், ஒரு மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 75 கிகாபைட் வேண்டும். மூன்று மணித்தியாலக் கெசட் ஒன்று மடிக்கணினியின் வன்தட்டையே விழுங்கிவிடும்.

கருவியின் அளவு ஐயா சொன்ன 720க்கு 576 ஆகவே இருக்க, படத்தின் 4:3 வடிவம் கெடாதபடி ஓ.பி.எஸ்.ஸில் அடிப்படைத் திரையின் அளவை மட்டும் 768க்கு 576 என்று வைத்து, வேகத்தை 50 ஆக்குங்கள். பின்னர் பட மூலத்தின் மீது வலது பொத்தானை அழுத்தி, பின்னிய கோடுகளைப் பிரிக்கும் ‘டீஇன்டர்லேசிங்’ என்பதில் ‘யாடிஃப் 2எக்ஸ்’ஐயும், புல ஒழுங்கில் (படத்தின் இரு பாதிகளில் எது முதலில் என்பதில்) ‘டொப் ஃபீல்ட் ஃபர்ஸ்ட்’ஐயும் தெரிவு செய்யுங்கள். பால் படம் ஒவ்வொன்றும் இரண்டு பாதிகளாக, வினாடிக்கு 50 பாதிகளாக எடுக்கப்பட்டது. ஒற்றைக் கோடுகள் ஒரு கணத்தையும் இரட்டைக் கோடுகள் அடுத்த கணத்தையும் காட்டுவதால்தான் நடப்பவர்களின் ஓரம் சீப்பாகத் தெரிகிறது. 50 வேகத்தில் பிரித்தால் அசைவு முழுவதும் அப்படியே கிடைக்கும். நடப்பவர்கள் முன்னும் பின்னும் துடிப்பதாகத் தெரிந்தால் புல ஒழுங்கை மற்றதற்கு மாற்றுங்கள்.

ஒலிக்கு, பண்புகளின் அடியில் ‘யூஸ் கஸ்டம் ஓடியோ டிவைஸ்’ என்பதில் அடையாளமிட்டு அந்தக் கருவியின் ஒலியையே தெரிவு செய்யுங்கள். விண்டோஸ் அதனை ஒரு மைக்ரோபோனாகவே கருதும். எனவே ஒலி அமைப்புகளுக்குள் சென்று அதன் ‘மேம்பாடுகள்’ அனைத்தையும் அணைத்து, மாதிரி வேகத்தை 48,000 ஹேர்ட்ஸ் என்று வையுங்கள், ஓ.பி.எஸ்.ஸிலும் அதே எண் இருக்க வேண்டும். ஓரிடத்தில் 44,100, மற்ற இடத்தில் 48,000 என்று இருப்பதை நான் அடிக்கடி காண்கிறேன். உங்கள் ஒலி போகப்போகப் பின்தங்குவதற்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். அடுத்துச் சந்தேகிக்க வேண்டியது படங்கள் தவறிப்போவது. கருவியை இடைப்பெட்டி (யூ.எஸ்.பி. ஹப்) வழியாக இணைக்காமல் கணினியின் துவாரத்தில் நேரடியாகச் செருகுங்கள்.

பதியும் கோப்பு எம்.பி.4 ஆக இருக்க வேண்டாம்; எம்.கே.வி. ஆக இருக்கட்டும். நம் பக்கத்தில் மாரி காலத்தில் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. பாதியில் நின்றாலும் எம்.கே.வி.யில் அதுவரை பதிந்தது தப்பும், எம்.பி.4 முடித்து வைக்கப்படாவிட்டால் பெரும்பாலும் திறக்கவே திறக்காது.

பழைய படப்பிடிப்பாளர் எழுதியது:

சடங்கு, கலியாணம் போன்ற நீளக் கெசட்டுகளுக்கு நிலாவெளி நண்பர் சொன்ன வழி போதும். ஆனால் தாத்தா வரும் அந்தக் காட்சிக்காவது நட்டமில்லாச் சுருக்கத்தைப் பயன்படுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன். வேர்ச்சுவல்டப்பில் ‘ஹஃப்வை.யூ.வி.’ குறிமுறையைத் தெரிவு செய்து, கோடுகளைப் பிரிக்காமல் கெசட்டில் உள்ளபடியே பதியுங்கள். சுருக்காத கோப்பைவிட வெகுவாக இடம் குறையும். ஒரு புள்ளியும் இழக்கப்படாது. இரவுக் காட்சிகளில் இரைச்சல் அதிகம். அந்த இரைச்சலோடு சேர்த்துச் சாதாரணச் சுருக்கம் முகத்தின் நுண்ணிய நிழல்களையும் துடைத்துவிடும். கோடுகளைப் பிரிக்கும் முறைகள் ஆண்டுக்கு ஆண்டு மேம்படுகின்றன. மூலத்தை அப்படியே வைத்திருந்தால் நாளைக்கு வரும் சிறந்த முறையை அதன்மீது பயன்படுத்தலாம். கோப்பு 4 கிகாபைட்டைத் தாண்டும் என்பதால் வெளி வன்தட்டு ‘ஃபெட்32’ முறையில் இருந்தால் அதை ‘என்.ரி.எஃப்.எஸ்.’ முறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றும்போது அதில் உள்ளவை அழியும் என்பதால் முன்கூட்டியே வேறிடத்தில் பிரதி எடுத்து வையுங்கள்.

தம்பலகாமத்தான் எழுதியது:

சகோதரி, கனடாக் கெசட்டைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை என்பதால் எழுதுகிறேன். அது என்.ரி.எஸ்.சி. கெசட்டாகவே இருக்கும். நம் ஊர் டெக்குகள் பலவற்றில் அதை ஓட்டலாம். ஆனால் அவை வெளியிடுவது தூய என்.ரி.எஸ்.சி. அன்று, நம் தொலைக்காட்சிகளுக்கு ஏற்ப 525 கோடுகளை வைத்துக்கொண்டு நிறத்தை மட்டும் பால் முறைப்படி 4.43 மெகாஹேர்ட்ஸுக்கு மாற்றிய ஒரு கலப்பு. இதற்கு ‘பால்-60’ என்று பெயர். கருவியைப் பால்-பி என்று வைத்தால் படம் உருளும், என்.ரி.எஸ்.சி.-எம் என்று வைத்தால் படம் நிற்கும், நிறம் வராது. உங்கள் பட்டியலில் பால்-60 என்றோ என்.ரி.எஸ்.சி. 4.43 என்றோ இருந்தால் அவற்றை முயலுங்கள். இல்லாவிட்டால் டெக்கின் முன்புறத்திலோ பின்புறத்திலோ என்.ரி.எஸ்.சி. வெளியீட்டுக்கான ஆளி இருக்கிறதா என்று பாருங்கள், அதை 3.58க்கு மாற்றினால் கருவியை என்.ரி.எஸ்.சி.-எம் என்று வைத்து 720க்கு 480, 29.97 என்ற அளவில் பதியலாம். இலண்டனிலிருந்து வந்த கெசட்டுகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை, அவை பால்தான்.

இன்னொன்று. கடற்காற்றில் இருந்த கெசட்டுகளை டெக்கில் போடும் முன் அதன் கண்ணாடிச் சாளரத்தினூடாக நாடாச் சுருளின் விளிம்பைப் பாருங்கள். வெள்ளைப் பொடி படர்ந்திருந்தால் அது பூஞ்சணம். அதை ஓட்டினால் டெக்கின் தலைகள் அழுக்காகி, அடுத்துப் போடும் நல்ல கெசட்டும் மழை பெய்வது போலத் தெரியும். அதற்குப் பிறகு எந்த அமைப்பை மாற்றினாலும் படம் திருந்தாது.

உவர்மலை வாசகி எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. பால்-பி என்று மாற்றியவுடன் 625 என்று காட்டியது, நிறமும் வந்துவிட்டது. கொன்ட்ராஸ்டைக் குறைத்துக்கொண்டு வந்தபோது மாலையில் மல்லிகைச் சரமும் இடையில் வைத்த சிவப்புப் பூக்களும் தனித்தனியாகத் தெரிந்தன. பக்கத்தில் இருந்த அம்மா அந்த மாலையைக் கட்டியது யார் என்பதையே சொன்னார். ஒலியில், விண்டோஸில் 44,100 என்றுதான் இருந்தது, இப்போது மாற்றியிருக்கிறேன். கெசட்டுகளின் விளிம்பில் பூஞ்சணம் எதுவும் தெரியவில்லை.

இரண்டு ஐயங்கள் மட்டும் மீதம் இருக்கின்றன. கருவியைக் கழற்றி மீண்டும் செருகினால் எல்லா எண்களும் பழைய நிலைக்குப் போய்விடுகின்றன. மேலும், நகர்வலக் கெசட்டின் முற்பகுதி பகலில் எடுத்தது, பிற்பகுதி இரவில் எடுத்தது. இடையில் நிறுத்தி அளவுகளை மாற்ற வேண்டுமா?

பழைய படப்பிடிப்பாளர் எழுதியது:

எண்கள் மறைவது ட்ரைவரின் இயல்பு. அதற்கு மாற்று வழி இல்லை. ஒவ்வொரு கெசட்டுக்கும் நீங்கள் தீர்மானித்த பிரைட்னஸ், கொன்ட்ராஸ்ட், சாச்சுரேஷன் எண்களை ஒரு தாளில் எழுதி அந்தக் கெசட்டின் உறைக்குள்ளேயே வைத்துவிடுங்கள். கருவியைச் செருகியதும் முதலில் முறை பால்-பி தானா என்று பார்த்து, பிறகு அந்த எண்களை இடுங்கள். மேலும், எப்போதும் ஒரே யூ.எஸ்.பி. துவாரத்தையே பயன்படுத்துங்கள், வேறு துவாரத்தில் செருகினால் விண்டோஸ் அதைப் புதிய கருவியாக எண்ணி, ஓ.பி.எஸ்.ஸில் செய்த தெரிவுகளையும் இழக்கச் செய்யலாம்.

பகலும் இரவும் கலந்த கெசட்டை ஒரே ஓட்டத்தில் பதிவதாயின், மிகப் பிரகாசமான காட்சிக்கு ஏற்ற அளவை வைத்து, இறுதிவரை மாற்றாமல் விடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது எண்ணை மாற்றினால் படத்தில் ஒரு வெளிச்சத் தாவல் விழும். அதைத் திருத்துவது கடினம். ஆனால் உங்கள் கெசட்டில் தாத்தா வருவது இரவுப் பகுதியில் என்பதால் அதை மட்டும் தனியாக இன்னொரு முறை, அந்த விளக்குகளுக்கு ஏற்ற எண்களில் பதிவது நல்லது. அதற்கு முன் நாடாவை இறுதிவரை வேகமாக ஓட்டி, மறுபடியும் தொடக்கம்வரை சுற்றிக்கொள்ளுங்கள். பல காலம் அசையாமல் இருந்த சுருள் ஓரளவு சீராகும், படம் குலுங்குவதும் குறையும்.